ஏழு பேர் போய்வந்த வண்டி

ஹேவர்லி
அக்டோபர் 4, 1982

அன்புள்ள லைல்,

இங்கே நானும் ஓரினும் சுகம். நீயும் ஜெனீனும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அவளுடைய பல்வலி தீர்ந்ததா என்று எழுது.

சர்க்கரைக் கிழங்கு தோண்டத் தொடங்கிவிட்டார்கள். லாரிகள் போகிற சாலையெல்லாம் கருப்பு மண். ஓரின் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து எந்த லாரி யாருடையது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். இருபத்தாறு வருஷம் லாரி ஓட்டியவர், சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். திங்கள், புதன், வெள்ளி வழக்கம்போலக் கவுண்டி வண்டியில் மார்லோ ஆஸ்பத்திரிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வருகிறார். மற்ற நாள்களில் பெரும்பாலும் தூக்கம்.

எனக்குக் கவுண்டி ஆபீசில் வேலை அதிகம். மாநில அரசு கவுண்டிகளுக்குத் தரும் உதவியை ஜனவரி முதல் குறைப்பதாகக் கடிதம் வந்தது. கவுண்டி மன்றம் அவசரமாகக் கூடியது. தலைவர் விர்ஜில் குரூகர் கடிதத்தை இரண்டு தரம் உரக்கப் படித்துவிட்டு, "இதுல 'சீரமைப்பு'ன்னு எட்டு எடத்துல போட்டிருக்கான். 'வெட்டு'ன்னு ஒரு எடத்துல கூட இல்ல. கசாப்புக் கடைக்காரன் கூட இவ்வளவு பதவிசாப் பேச மாட்டான்" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

ஆட்சேபத் தீர்மானம் போட்டு அனுப்பியிருக்கிறோம். மூன்று தரம் டைப் அடித்தேன், ஒவ்வொரு தரமும் ஒரு உறுப்பினர் ஒரு வார்த்தையை மாற்றினார். சனி, ஞாயிறில் சாலைப் பனியைத் தள்ளுவது, வீட்டுக்கு வரும் நர்ஸ், மார்லோ வண்டி, கிளை நூலகம், இந்த நான்கில் எதையாவது நிறுத்த வேண்டிவரும் என்று எழுதியிருக்கிறோம். உங்கள் நிதித் துறைக்கும் ஒரு நகல் வந்திருக்கும். நீ பார்த்திருக்கக்கூடும்.

வேறு விசேஷமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா
ஆர்டிஸ்


தலைநகர்
அக்டோபர் 21, 1982

அன்புள்ள அக்கா,

கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். ஜெனீனுக்குப் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள், இப்போது சாப்பிடுகிறாள். அத்தானை விசாரித்ததாகச் சொல்.

எங்கள் அலுவலகத்தை நான்காவது மாடிக்கு மாற்றிவிட்டார்கள். என் மேசையிலிருந்து ஆறு தெரிகிறது. மதியம் வரைக்கும் நல்ல வெளிச்சம்.

உங்கள் தீர்மானம் வந்தது. பார்த்தேன். எல்லாக் கவுண்டிகளும் அனுப்புகின்றன. நீ டைப் அடித்தது என்று பார்த்த உடனே தெரிந்தது, 'ஆட்சேபம்' என்பதை வேறு யாரும் எழுத்துப் பிழையில்லாமல் அடிக்கவில்லை. அலுவலக விஷயத்தைப் பற்றி நான் எதுவும் எழுதக்கூடாது, உனக்குத் தெரியும். முடிவெடுப்பவர்கள் மேலே இருக்கிறார்கள். நாங்கள் அவர்கள் கேட்ட கணக்கைப் போட்டுக் கொடுக்கிறவர்கள்.

குளிருக்குக் கார் பேட்டரியை இப்போதே மாற்றிவிடு. போன வருஷம் உன்னைப் பாடுபடுத்தியது.

அன்புடன்
லைல்


ஹேவர்லி
நவம்பர் 9, 1982

அன்புள்ள லைல்,

நாங்கள் இருவரும் சுகம். ஓரினுக்குக் கை நரம்பு ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போயிருக்கிறது. வலிக்கவில்லை என்கிறார். உங்கள் சுகத்தை எழுது. பேட்டரியை மாற்றிவிட்டேன்.

தீர்மானத்துக்குப் பதில் வந்தது. அச்சடித்த அட்டை. 'தங்கள் கருத்து பெறப்பட்டது, கவனத்தில் கொள்ளப்படும்.' கவுண்டியின் பெயரைக் கையால் நிரப்பியிருந்தார்கள், டெல்வின் என்பதற்கு ஒரு எழுத்துக் குறைவாக. விர்ஜில் அதைச் சுவரில் குத்தி வைத்திருக்கிறார். "பதில் வந்துச்சான்னு யாராச்சும் கேட்டா காட்டணும்ல" என்கிறார்.

சட்டமன்றக் குழு கவுண்டிகளைக் கூப்பிட்டுக் கேட்கப்போகிறதாம். 18ஆம் தேதி. கவுண்டிக்கு இரண்டு நிமிஷம். விர்ஜில் போவதாக இருந்தது. போன வாரம் டிராக்டரிலிருந்து இறங்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது, பஸ்ஸில் உட்கார முடியாது. "நீ போம்மா ஆர்டிஸ். எழுதுனதே நீதான். படிச்சிட்டு வந்துரு" என்றார். உறுப்பினர்களில் வேறு யாருக்கும் அறுவடை முடியவில்லை.

அன்று வியாழன், ஓரினுக்கு மார்லோ இல்லாத நாள். காலை பஸ்ஸில் வந்து மாலை பஸ்ஸில் திரும்பிவிடுவேன். உங்கள் வீட்டுக்கு வர நேரமிருக்காது. ஜெனீனிடம் சொல்லிவிடு, தவறாக நினைக்க வேண்டாம்.

அக்கா
ஆர்டிஸ்


தலைநகர்
நவம்பர் 24, 1982

அன்புள்ள அக்கா,

சுகமாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய். நாங்கள் நலம். நாளை நன்றி நாளுக்கு ஜெனீனின் தங்கை வீட்டார் வருகிறார்கள்.

நீ என்னைப் பார்த்தாய் என்று தெரியும். குழுத் தலைவருக்குப் பின்னால், இடது கோடியில் உட்கார்ந்திருந்தேன். உறுப்பினர்கள் ஏதாவது கேட்டால் தாளை எடுத்துக் கொடுப்பது என் வேலை. நீ நீல கோட்டில் வந்திருந்தாய். தெளிவாகப் படித்தாய். மணி அடிப்பதற்குப் பத்து விநாடி முன்னாலேயே முடித்துவிட்டாய், அன்று அப்படி முடித்தது நீ ஒருத்திதான்.

குழு உறுப்பினர் ஒருவர் உன்னிடம், "இந்த மார்லோ வண்டியில எத்தன பேரும்மா போறாங்க?" என்று கேட்டார். நீ, "ஏழு பேருங்க" என்றாய். அவர் திரும்பி என் பக்கம் கையை நீட்டினார். நான் தாளைக் கொடுத்தேன். அவர் பார்த்துவிட்டு, "ஏழு பேருக்கு இவ்வளவா?" என்றார். நீ பதில் சொல்லவில்லை.

ஏன் அக்கா சொல்லவில்லை? ஏழு பேரில் ஒருவர் என் வீட்டுக்காரர் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மண்டபத்தில் கொஞ்சம் அசைந்திருக்கும். நான் அங்கே பதினான்கு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன், எனக்குத் தெரியும்.

இடைவேளையில் வராந்தாவுக்கு வந்தேன். நீ பஸ்ஸுக்குப் போய்விட்டாய் என்றார்கள்.

அத்தானுக்கு என் விசாரிப்பு.

லைல்


ஹேவர்லி
டிசம்பர் 7, 1982

அன்புள்ள லைல்,

நாங்கள் சுகம். உங்கள் சுகத்தை விரும்புகிறேன். இங்கே ஏழு அங்குலம் பனி விழுந்திருக்கிறது, இன்னும் விழும் என்கிறார்கள்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்டாய். என்னைக் கவுண்டி அனுப்பியது. ஓரினைப் பற்றிச் சொல்லியிருந்தால் அது என் வீட்டு விஷயமாகிவிடும். மற்ற ஆறு பேரும் அதற்குப் பின்னால் நிற்க வேண்டிவரும். அதற்காக அவர்கள் என்னை அனுப்பவில்லை.

அன்று எல்லாருக்கும் அட்டவணை கொடுத்தார்கள். எந்தக் கவுண்டிக்கு எவ்வளவு குறையும் என்று. பஸ்ஸில் படித்துக்கொண்டு வந்தேன். கடைசிப் பக்கத்தில் அடியில் 'தயாரிப்பு: லைல் பாக்கன்' என்று இருந்தது. நன்றாகத் தயாரித்திருக்கிறாய். ஒரு கூட்டல் பிழைகூட இல்லை, நான் சரிபார்த்தேன்.

நேற்று மன்றம் கூடியது. குறைந்த உதவியை வைத்து எதை நிறுத்துவது என்று முடிவெடுக்க வேண்டும். நர்ஸை நிறுத்த முடியாது, சட்டம் விடாது. நூலகத்தை நிறுத்தினாலும் போதவில்லை. கடைசியில் வார இறுதிப் பனி வண்டியா, மார்லோ வண்டியா என்று வந்து நின்றது.

விர்ஜில் ரொம்ப நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். "பனி தள்ளலன்னா ஆம்புலன்ஸ் கூட வீட்டு வாசலுக்குப் போவாது. கவுண்டி மொத்தத்துக்கும் அதுதான் வழி" என்றார். மற்ற நால்வரும் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஆர்டிஸ், நீ ஏதாச்சும் சொல்றியாம்மா? சொல்லு. நாங்க கேக்கறோம்" என்றார்.

நான், "எழுத்தருக்குப் பேச்சு இல்லீங்க. எழுதறதுதான்" என்றேன்.

"இன்னிக்கு ஒரு நாளைக்குப் பேசும்மா."

"நீங்க சொன்னது சரிதாங்க. பனி தள்ளணும்."

ஓட்டெடுத்தார்கள். ஐந்து பேரும் பனி வண்டிக்கே கையைத் தூக்கினார்கள். நிகழ்ச்சிக் குறிப்பில் எழுதினேன். மார்லோ வண்டிக்கு டிசம்பர் 31 கடைசி நாள். டிரைவர் டெல்மர் வெளியே காத்துக்கொண்டிருந்தார், அவரிடம் நான்தான் சொன்னேன். "சரி" என்றார். பிறகு வண்டியில் எண்ணெய் மாற்றப் போனார். இன்னும் மூன்று வாரத்துக்கு எதற்கு என்று நான் கேட்கவில்லை.

வீட்டில் ஓரினிடம் சொன்னேன். "நானா இருந்தாலும் அப்பிடித்தான் கையத் தூக்கிருப்பேன்" என்றார். அப்புறம் டி.வி. பார்த்தோம்.

அக்கா
ஆர்டிஸ்


தலைநகர்
டிசம்பர் 20, 1982

அன்புள்ள அக்கா,

உனக்கும் அத்தானுக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்து. தனியே ஒரு பார்சல் வருகிறது, ஜெனீன் அத்தானுக்குக் கம்பளிக் காலுறை பின்னியிருக்கிறாள்.

இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். அட்டவணையை நான் தயாரித்தேன். இத்தனை சதவீதம் மிச்சப்படுத்த வழி சொல் என்றார்கள். ஒரு சேவையை எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பதை வைத்துக் குறைப்பது நியாயம் என்று எனக்குப் பட்டது. எந்த ஊருக்கும் சலுகை காட்டாத முறை. கணக்கை முடித்தபோது குறைப்புப் பட்டியலில் நம் கவுண்டி பதினோராவது வரியில் வந்தது. பார்த்தேன். முறையை மாற்றினால் நம் ஊருக்காக மாற்றினேன் என்பார்கள் என்று விட்டுவிட்டேன். அதுவும் உண்மைதான். மாற்றினால் வேலை போகும் என்று நினைத்ததும் உண்மை.

நீங்கள் இருவரும் குளிர்காலம் முடியும்வரை இங்கே வந்துவிடுங்கள். ஆஸ்பத்திரி எங்கள் வீட்டிலிருந்து பதினைந்து நிமிஷம். மாடி அறையைச் சுத்தம் செய்து வைத்திருக்கிறோம். ஜெனீனும் மனப்பூர்வமாகச் சொல்கிறாள்.

எழுது.

தம்பி
லைல்


ஹேவர்லி
ஜனவரி 18, 1983

அன்புள்ள லைல்,

சுகம். நீங்களும் சுகம்தானே. காலுறை வந்தது, அளவு சரியாக இருக்கிறது. ஜெனீனுக்கு நன்றி சொல்.

ஓரினைத் திங்களும் வெள்ளியும் நான் கூட்டிப்போகிறேன். புதன்கிழமை சர்ச் ஆட்கள் முறைபோட்டு வருகிறார்கள். காலை நாலரைக்குக் கிளம்பினால் மதியம் இரண்டுக்குத் திரும்பிவிடலாம். அப்புறம் ஆபீஸ். விர்ஜில், "நேரத்த நான் பாத்துக்கறேன், நீ வாறப்ப வா" என்கிறார். சாலை பரவாயில்லை. காரின் வலப்பக்கக் கதவு திறப்பதில்லை, மற்றபடி ஓடுகிறது.

அங்கே வருவதைப் பற்றி ஓரினிடம் கேட்டேன். "லைல் வீட்டு மாடியிலேருந்து என்ன லாரி தெரியும்?" என்றார். அறையைச் சுத்தம் செய்ததற்கு நன்றி.

தூக்கம் வருகிறது. இத்துடன் நிறுத்துகிறேன்.

ஆர்டிஸ்


ஹேவர்லி
பிப்ரவரி 27, 1983

அன்புள்ள லைல்,

நீ பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாய் என்று ஜெனீன் போனில் சொன்னாள். நான் நலம். ஓரினின் அடக்கத்துக்கு வந்ததற்கு நன்றி. அந்தப் பனியில் சவப்பெட்டியின் முன்பக்கத்தை நீ பிடித்துக்கொண்டு நடந்ததை எல்லோரும் சொன்னார்கள்.

அக்கம்பக்கத்தார் கொண்டுவந்த சாப்பாடு இன்னும் தீரவில்லை. மாட்டிறைச்சியும் நூடுல்ஸும் போட்டுச் சுட்டது ஒரே மாதிரி ஒன்பது பாத்திரம் வந்திருந்தது. பாத்திரத்தின் அடியில் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். தினம் ஒன்றைக் கழுவிக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அவர்கள் உட்காரச் சொல்கிறார்கள், உட்காருகிறேன். காபி தருகிறார்கள்.

"தூக்கத்துலயே போயிட்டாரு, புண்ணியவான்" என்கிறார்கள். ஆமாம் என்கிறேன்.

திங்கள் முதல் ஆபீசுக்குப் போகிறேன். ஏப்ரல் மன்றத்துக்கு நிறையத் தட்டச்சு பாக்கி.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா
ஆர்டிஸ்


தலைநகர்
மார்ச் 20, 1983

அன்புள்ள அக்கா,

நலமா? இங்கே நலம் என்று எழுத வேண்டும், எழுதுகிறேன்.

ஜனவரியில் காரின் கதவு திறப்பதில்லை என்று எழுதியிருந்தாய். படித்தேன். ஏன் என்று கேட்கவில்லை. பதில் கடிதமே போடவில்லை. அலுவலகத்தில் வேலை இருந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடக்கத்துக்கு வந்தபோது காரைப் பார்த்தேன். கதவு மட்டுமல்ல, அந்தப் பக்கம் முழுவதும் உள்ளே போயிருந்தது.

என்ன நடந்தது? நீ சொல்லாவிட்டால் டெல்மரிடமோ விர்ஜிலிடமோ கேட்கலாம். உன்னிடம் கேட்கிறேன்.

லைல்


ஹேவர்லி
ஏப்ரல் 10, 1983

அன்புள்ள லைல்,

நான் நலம். பனி உருகி வாய்க்கால்களில் தண்ணீர் ஓடுகிறது. வயலெல்லாம் ஏரி மாதிரி இருக்கிறது.

கேட்டதால் எழுதுகிறேன். ஜனவரி 14, வெள்ளிக்கிழமை. மார்லோவிலிருந்து திரும்பும் வழி. நல்ல வெயில், சாலையில் பனிகூட இல்லை. நான் தூங்கிவிட்டேன். ஓரின் ஸ்டியரிங்கைப் பிடித்து இழுத்திருக்கிறார். வண்டி வலப்பக்கம் சரிந்து பள்ளத்தில் இறங்கி வேலிக் கம்பத்தில் நின்றது. இரண்டு பேருக்கும் அடியில்லை. ஊசி குத்திய இடத்தில் கட்டு அவிழ்ந்து அவர் சட்டைக்கையெல்லாம் இரத்தம். நான் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். கிழங்கு லாரிக்காரர் ஒருவர் வந்து சங்கிலி போட்டு இழுத்தார். ஓரின் அவரிடம், "நான்தான் ஓட்டுனேன். கண் அசந்துட்டேன்" என்றார். அவர் ஸ்டியரிங் இல்லாத வலப்பக்கச் சீட்டில் உட்கார்ந்திருந்தார், லாரிக்காரருக்குக் கண் தெரியாமலா இருக்கும். "ஆமாண்ணே, வெயில் கூசும்" என்றார் அந்த ஆள்.

அதற்கப்புறம் மூன்று வாரம் போய்வந்தோம். நான் ஜன்னலைத் திறந்துவைத்து ஓட்டினேன். ஓரின் வழி முழுக்கப் பேசிக்கொண்டே வந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவ்வளவு பேசியதில்லை. நான் தூங்கக்கூடாது என்பதற்காக.

பிப்ரவரி 7, திங்கள். காரைச் சூடாக்கிவிட்டு உள்ளே வந்தேன். அவர் காலுறையோடு சமையலறையில் உட்கார்ந்திருந்தார். பூட்ஸ் போடவில்லை.

"நேரமாச்சு" என்றேன்.

"கார நிறுத்திட்டு வா ஆர்டிஸ்."

"என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணல. நான் இனிமே போகல."

"இன்னிக்கா?"

"இன்னிக்கும்தான்."

நான் வாதாடினேன் என்று எழுதத் தோன்றுகிறது. இல்லை. கொஞ்சம்தான் பேசினேன். சர்ச்சில் இன்னும் ஆள் கேட்கலாம் என்றேன். விர்ஜிலிடம் லீவு கேட்கிறேன் என்றேன். உன் வீட்டுக்குப் போகலாம் என்றுகூடச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வாரத்துல மூணு நாளு எனக்கு ரத்தத்தக் கழுவறாங்க. ஒனக்கு யாரு கழுவறா? பள்ளத்துல ஒன்னத் தேடி எடுக்கறதுக்கு நான் இருக்க மாட்டேன். நான் லாரிக்காரன். வண்டி ஓட்டறவங்க மொகத்தப் பாத்தா எனக்குத் தெரியும்" என்றார்.

காரை நிறுத்திவிட்டு வந்தேன். நான் செய்தது அதுதான்.

டாக்டர் வீட்டுக்கு வந்தார். ஓரினைத் தனியாகக் கேட்டார், என்னைத் தனியாகக் கேட்டார். பத்து, பன்னிரண்டு நாள் என்றார். இரண்டு வருஷமாகச் சாப்பிடக்கூடாது என்றிருந்ததையெல்லாம் ஓரின் கேட்டார். ஆரஞ்சு. தக்காளி சூப். உருளைக்கிழங்கை, முன்போல ஊறவைத்துத் தண்ணீரைக் கொட்டாமல், அப்படியே வேகவைத்து, உப்பும் வெண்ணெயும் போட்டு. முதல் நான்கு நாள் நன்றாகச் சாப்பிட்டார். ஒரு நாள் ஐந்து ஆரஞ்சு. பிறகு கேட்கவில்லை. கடைசி மூன்று நாள் தூக்கம். தூக்கத்தில் போனார் என்று அவர்கள் சொல்வது பொய்யில்லை.

உன்னைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன். "அவன் வந்தா மன்னிப்புக் கேப்பான். எனக்கு அதுக்குத் தெம்பு இல்ல" என்றார். அதனால் கூப்பிடவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. டாக்டர் வரும் என்கிறார். ஆபீசில் எல்லாம் சரியாகத்தான் செய்கிறேன். நேற்று ஒரு தீர்மானத்தை அடித்து முடித்துவிட்டுப் பார்த்தால் ஒரு தப்புமில்லை.

அக்கா
ஆர்டிஸ்


ஹேவர்லி
ஜூன் 14, 1983

அன்புள்ள லைல்,

நான் நலம். நீயும் ஜெனீனும் நலம் என்று நம்புகிறேன். ஏப்ரலில் நான் எழுதியதற்கு நீ பதில் போடவில்லை. கோபத்தில் சொல்லவில்லை. உன் இடத்தில் இருந்தால் நானும் என்ன எழுதுவேன் என்று தெரியவில்லை.

வெட்டியதில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுப்பதாகச் சட்டமன்றம் முடிவெடுத்தது உனக்குத் தெரிந்திருக்கும். ஆட்சேபங்களை மதித்து என்று கடிதத்தில் இருந்தது. விர்ஜில் கடிதத்தைப் படித்துவிட்டுச் சுவரில் இருந்த அட்டையைக் கழற்றினார். "வண்டிய விடுவோம்" என்றார். டெல்மர் தானியக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார், ஆனாலும் வருகிறேன் என்கிறார்.

அதற்கு ஒரு படிவம் நிரப்ப வேண்டும். உங்கள் அலுவலகத்துப் படிவம். டிசம்பரில் வண்டியில் போன ஏழு பேரின் பெயர்கள், ஒவ்வொருவருக்கும் எதிரில், 'இப்போதும் தேவையா? இல்லையென்றால் காரணம்.' இப்போது இருக்கும் எண்ணிக்கைக்குத்தான் உதவி வருமாம். நாலு பேர் இருக்கிறார்கள். லவோன் ஸ்டாடில் அம்மாள் அரிசோனாவில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார், அங்கே போக அவருக்கு இஷ்டமில்லை. ஹில்மர் நெஸ் மார்லோவில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார், நிலத்தை விற்றுவிட்டு. மூன்றாவது ஓரின்.

நாலு பேருக்கு வருவதை வைத்து வண்டி ஓடாது. விர்ஜில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டார்.

முதலில் ஓரினுக்கு எதிரில் தேதியை மட்டும் அடித்து அனுப்பினேன். 'காரணம் இல்லை' என்று சிவப்புப் பென்சிலில் வட்டம் போட்டுத் திரும்பி வந்தது. யாரோ சின்னப் பெண்ணின் கையெழுத்து மாதிரி இருந்தது, உன்னுடையதில்லை. விர்ஜில் பார்த்துவிட்டு மெதுவாக, "'மரணம்'னு ஒரு கட்டம் இருக்கும்மா. அதுல ஒரு கோடு போட்டா முடிஞ்சுது. நான் போடட்டுமா?" என்றார்.

"நானே போடறேங்க" என்றேன்.

மரணம், இடமாற்றம், மாற்று ஏற்பாடு, மற்றவை என்று நாலு கட்டம் இருக்கிறது. எட்டு மாதமாக நாங்கள் ஆட்சேபம் எழுதுகிறோம் லைல். உள்ளாட்சிச் சேவை, பாதிப்பு, மறுபரிசீலனை என்று பக்கம் பக்கமாக. எல்லாவற்றையும் அடித்தவள் நான். ஒன்றில்கூட நடந்ததை எழுதவில்லை.

மூன்று பேருக்கும் 'மற்றவை' என்ற கட்டத்தில் கோடு போட்டேன். பக்கத்தில் மூன்று வரியிலும் ஒன்றையே அடித்தேன். 'வண்டி நின்றுவிட்டது.'

விர்ஜில் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். கையெழுத்துப் போட்டார். இன்றைய தபாலில் போகிறது. சரிபார்த்தவர் கையெழுத்து என்று கீழே ஒரு இடம் விட்டிருக்கிறது. அது யார் மேசைக்கு வரும் என்று எனக்குத் தெரியாது. உன் மேசைக்கு வந்தால் தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

அக்கா
ஆர்டிஸ்


தலைநகர்
ஜூன் 29, 1983

அன்புள்ள அக்கா,

நாங்கள் நலம். உன் ஏப்ரல் கடிதம் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. வீட்டில் வைக்க முடியவில்லை.

படிவம் எனக்கு வரவில்லை. வேறொருவர் மேசைக்குப் போயிருந்தது. கேட்டு வாங்கினேன். அவர், "இது செல்லாது சார். மரணம்னா மரணம்னு போடச் சொல்லித் திருப்பிரலாம்" என்றார். மேலதிகாரியும் அதையேதான் சொன்னார். "இப்படி எழுதுனா எல்லாக் கவுண்டியும் எழுதும், லைல்" என்றார். எழுதட்டும் என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். பதினான்கு வருஷத்தில் அவரிடம் நான் அப்படி ஒன்றும் சொன்னதில்லை.

விதிமுறையில், சேவை நின்றதாலேயே விலகியவர்களை இருப்பவர்களாகக் கொள்ளலாம் என்று ஒரு வரி இருக்கிறது. பழைய விதி, யாரும் பயன்படுத்தாதது. அதை மேற்கோள் காட்டி ஓரத்தில் ஏழு என்று எழுதினேன். காரணம் சரி என்று குறித்துக் கையெழுத்துப் போட்டேன். அனுப்பிவிட்டேன். இனி யாரும் திருப்ப முடியாது. ஏழு பேருக்கான உதவி வரும். ஆகஸ்டில் டெல்மரை வரச் சொல்லலாம் என்று விர்ஜிலிடம் சொல்.

அந்த மேசையில் என்னை வைத்திருப்பார்களா என்று தெரியவில்லை. அதைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம்.

அத்தானுக்கு என்னிடம் மன்னிப்புக் கேட்கத் தெம்பில்லை என்று எழுதியிருந்தாய். தப்பாக எழுதிவிட்டேன், நான் கேட்பதைக் கேட்டுக்கொண்டிருக்க என்று இருக்க வேண்டும். அடித்துத் திருத்தாமல் விடுகிறேன். உன்னிடமும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டபோது ஓரின் ஹோல்ம் என்ற பெயருக்கு எதிரில் நீ அடித்திருந்த இரண்டு வார்த்தையை மறுபடி படித்தேன். அது உண்மை. அதன் கீழே என் பெயர் இருக்கிறது.

சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். ஜெனீன் வரவில்லை, நான் மட்டும்தான். நீ ஒன்றும் பேச வேண்டாம். கல்லறைக்குப் போகும் வழி மட்டும் காட்டு, அன்று பனியில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

தம்பி
லைல்